‘ஓம்’ என்பதெல்லாம் சம்மதமா?

(எமது சங்கத்தின் நூற்றாண்டுக் கருத்தரங்கில், ஒரே வகுப்பில் கற்ற பழைய மாணவிகள் மூவர் இணைந்து எழுதி வழங்கிய உரை)



இந்த மண்டபத்தின் கடைசி வாங்கில் ஒன்றாக இருந்து, கதைத்த குற்றத்துக்காக ஒன்றாகவே எழுந்து நின்றவர்கள் நாங்கள் மூவரும். இன்று ஒருவர் மருத்துவத் துறையிலும், ஒருவர் விசேட கல்வி ஆசிரியராகவும், ஒருவர் பிரதேச செயலகமொன்றில் புள்ளிவிபரப் பணியிலும் இருக்கிறோம். மேடையில் வாசிப்பவர் ஒருவரே என்றாலும் உரை மூவருக்கும் உரியது. ஆகையால் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

நூற்றாண்டை முன்னிட்டு எமது சங்கம் எடுத்த தீர்மானங்களுள் ஒன்று, பாடசாலையைச் சூழவுள்ள கிராமங்களில் கற்றல் குறைபாடுள்ளோர் வாழும் வீடுகளுக்குச் சென்று அவர்களுடைய தேவைகளைக் கணக்கெடுப்பது. அதன் பின்னரே பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றைப் பற்றி முடிவெடுப்பதென்று பேசினோம். கணக்கெடுப்புப் படிவத்தைத் தயாரிக்கும் பொறுப்பு எங்களிடம் தரப்பட்டது. உற்சாகத்தோடு தொடங்கினோம். ஆனால் முதற் பக்கத்தைத் தாண்ட எங்களால் முடியவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் ‘சம்மதம்’ என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் கையொப்பம் இட வேண்டியவர் யார்? இந்தக் கேள்விதான் இன்றைய உரை.

கற்றல் குறைபாடு என்று இங்கே நாங்கள் சொல்வது, வாசிப்பிலோ கணக்கிலோ மட்டும் தடுமாறும் பிள்ளைகளை அல்ல. சிறு வயதிலிருந்தே விளங்கிக்கொள்வதும், புதியன கற்பதும், அன்றாட அலுவல்களைத் தனியே செய்வதும் கடினமாக இருப்பவர்களையே குறிப்பிடுகிறோம். அவர்களிலும் ஒருவரைப் போல் மற்றவர் இல்லை. பேருந்தில் தனியே சந்தைக்குப் போய் வருபவரும் உண்டு. ஒரு சொல்லும் பேசாமல் கண்ணாலேயே எல்லாம் சொல்பவரும் உண்டு.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

போர் முடிந்த பின்னர் எமது பகுதிக்குப் படிவங்களோடு வந்தவர்கள் பலர் என்பது உங்களுக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் நாங்களும் அப்படியொரு கணக்கெடுப்புக்காகப் போனோம். ஒரு வீட்டில் முப்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர் இருந்தார். அவருக்குக் கற்றல் குறைபாடு. தாயார் எங்களை வரவேற்றுக் கதிரை போட்டார். படிவத்தை நீட்டினோம். “அவளுக்கு என்ன விளங்கும் பிள்ளை? நான் கையெழுத்து வைக்கிறன், நீங்கள் கேக்கிறதைக் கேளுங்கோ” என்றார். கையெழுத்து விழுந்தது. நாங்கள் கேள்விகளைத் தொடங்கினோம். அந்த அக்கா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். தாயார் கூப்பிட, திரும்பி வந்து இருந்தார். கேட்டதற்கெல்லாம் “ஓம், ஓம்” என்றார். கடைசியில் படம் எடுக்கக் கமெராவைத் தூக்கியதும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடினார். “வெக்கப்படுறாள், கையை எடு பிள்ளை” என்று தாயார் கையை விலக்கிவிட, நாங்கள் படம் எடுத்தோம். படிவத்தில் ‘ஒத்துழைப்பு: நன்று’ என்று எழுதினோம்.

அந்தப் படம் பின்னர் ஒரு கண்காட்சிப் பதாகையில் பெரிதாக வந்தது. சில மாதங்கள் கழித்து அவருடைய தங்கை எங்களைத் தேடி வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. ஒன்றைத்தான் சொன்னார்: “படம் எடுக்கிறதெண்டால் அக்கா முகம் கழுவி, பொட்டு வைச்சு, நல்ல சட்டை போட்டுத்தான் வருவா. நீங்கள் வீட்டுச் சட்டையோடை எடுத்துப்போட்டியள். அதைப் பாத்த நாளிலையிருந்து அவா வெளியிலை வாறேல்லை.”

ஒன்றும் விளங்காதவர் என்று நாங்கள் நினைத்தவர், எங்களில் எவரும் சொல்லக்கூடிய காரணத்துக்காகவே வேண்டாம் என்றிருக்கிறார். எழுந்து போனது ஒரு ‘இல்லை’. முகத்தை மூடியது இரண்டாவது ‘இல்லை’. தாயாரின் கையொப்பம் கையில் இருந்தபடியால் இரண்டும் எங்கள் கண்ணில் படவில்லை.

இது எங்கள் கிராமத்துச் சிறு கதை. ஆனால் இதன் பெரிய வடிவங்கள் வரலாற்றில் உண்டு.

சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் விப்பேகொல்ம் என்றொரு நிலையம் இருந்தது. கற்றல் குறைபாடுள்ளோர் அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தனர். சூத்தைப் பல் அந்நாட்டில் பெரும் பிரச்சினையாக இருந்த காலம் அது. 1945 இல் தொடங்கிய ஆய்வின் ஒரு கட்டத்தில், அங்கிருந்தவர்களுக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி விசேடமாகச் செய்த டொபி கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 24 டொபி. பலருடைய பற்கள் அழிந்தன. சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டும் இனிப்பை உண்பதே பற்களுக்கு மிகக் கேடு என்பது 1954 இல் வெளியான முடிவுகளில் தெளிவாயிற்று. ‘இடையில் டொபி சாப்பிடாதே’ என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதிக்குப் பின்னால் அந்த மனிதர்களின் பற்கள் இருக்கின்றன. அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

அமெரிக்காவில் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் அரச பாடசாலை இருந்தது. பெயர்தான் பாடசாலை. 4000 பேருக்குக் கட்டிய இடத்தில் 6000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தனர். 1956 தொடக்கம் வைத்தியர் சோல் குருக்மன் தலைமையிலான குழுவினர், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலருக்கு வேண்டுமென்றே ஈரல் அழற்சி வைரசைக் கொடுத்து நோயின் போக்கை ஆராய்ந்தனர். எப்படியும் அங்கே அந்த நோய் தொற்றத்தான் போகிறது என்பது அவர்கள் சொன்ன நியாயம். நெருக்கடியையும் அசுத்தத்தையும் நீக்கினால் நோயும் குறையும் என்பது அந்த நியாயத்தில் இடம்பெறவில்லை. பெற்றோர் கையொப்பம் இட்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் 1964 இன் கடைசியில் இடமில்லை என்று பொதுவான அனுமதி நிறுத்தப்பட்ட பின்னரும் ஆய்வு விடுதியில் இடம் இருந்தது. பிள்ளையைப் பராமரிக்க வேறு வழியில்லாத தாய் ஒருத்திக்கு அந்தப் பேனாவைப் பிடிக்காமல் விடும் சுதந்திரம் எவ்வளவு இருந்திருக்கும்?

அதே நாட்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோல்தம் நகரில் இருந்த பேர்னால்ட் பாடசாலையில், 1946 இலிருந்து 1953 வரை சிறுவர்களுக்கு ஓட்ஸ் கஞ்சியிலும் பாலிலும் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்து கொடுத்து, உணவுச் சத்து உடலில் சேரும் விதத்தை ஆராய்ந்தார்கள். ‘விஞ்ஞானக் கழகம்’ என்று பெயரிட்டு, அதில் சேர்ந்தவர்களுக்கு விளையாட்டுப் போட்டி பார்க்கும் பயணம் போன்ற சலுகைகள் கொடுத்தார்கள். பெற்றோருக்குப் போன கடிதத்தில் கதிரியக்கம் என்ற சொல்லே இல்லை. 1993 இன் கடைசியில்தான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது. அதன் பின்னர் நட்டஈடு வழங்க இணங்கினார்கள்.

மூன்று இடங்களிலும் நடந்ததைச் சேர்த்துப் பாருங்கள். ஓரிடத்தில் கேட்கவே இல்லை. ஓரிடத்தில் வேறு வழியில்லாதவரிடம் கேட்டார்கள். ஓரிடத்தில் உண்மையை மறைத்துக் கேட்டார்கள். மூன்றிலும், யாருடைய உடலோ அவரிடம் கேட்கவில்லை.

உலகம் சும்மா இருக்கவில்லை. 1947 இன் நூரம்பேர்க் நெறிக்கோவை, ஆய்வுக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான சம்மதம் இன்றியமையாதது என்றது. 1964 இல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. 1966 இல் ஹென்றி பீச்சர் என்ற மருத்துவப் பேராசிரியர் நெறிபிறழ்ந்த ஆய்வுகள் என 22 உதாரணங்களை ஒரு மருத்துவ இதழில் எடுத்துக்காட்டினார். வில்லோபுரூக் அவற்றுள் ஒன்று. 1979 இல் வந்த பெல்மொன்ட் அறிக்கை மூன்று கோட்பாடுகளை வகுத்தது: மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி. நீதி என்பதன் பொருள், ஆய்வின் சுமை ஒருவர் தலையிலும் பயன் இன்னொருவர் கையிலும் போய்ச் சேரக்கூடாது என்பதே.

இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையில் உள்ள 2005 ஆம் ஆண்டின் உளத் தகைமைச் சட்டம் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. ஒருவருக்கு முடிவெடுக்க முடியும் என்றே தொடங்க வேண்டும். முடியாது என்பதைத்தான் நிறுவ வேண்டும். அதற்கு முன் அவர் விளங்கிக்கொள்ள இயலுமான உதவி எல்லாம் செய்ய வேண்டும். அப்படியும் அவரால் சம்மதம் சொல்ல முடியாமல், உரிய ஏற்பாடுகளோடு அவர் ஆய்வில் சேர்க்கப்பட்டாலும், அவர் எதிர்ப்பதாகத் தோன்றும் எதையும் செய்யக்கூடாது. எதிர்ப்பைச் சொல்லால்தான் காட்ட வேண்டும் என்றில்லை. எழுந்து போவதும் முகத்தை மூடுவதும் போதும். அந்த வரிகளை வாசித்தபோது எங்களுக்கு அந்தக் குசினி வாசலே நினைவுக்கு வந்தது.

எமது நாட்டிலும் இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இலிருந்து உண்டு. 2006 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 15 ஆம் உறுப்புரை, சுதந்திரமான சம்மதமின்றி எவரையும் மருத்துவ, விஞ்ஞானப் பரிசோதனைக்கு உட்படுத்தக்கூடாது என்கிறது. புள்ளிவிபரம் சேகரிப்பதிலும் அந்தரங்கமும் நெறிமுறையும் காக்கப்பட வேண்டும் என்கிறது 31 ஆம் உறுப்புரை.

இதையெல்லாம் கேட்ட பின் உங்களில் சிலர் நினைக்கலாம்: ‘இவ்வளவு சிக்கல் என்றால் கணக்கெடுப்பே வேண்டாம், விட்டுவிடுவோம்.’ நாங்களும் ஒரு கிழமை அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அதுவும் ஒரு அநியாயமே. கேட்காமல் சேர்ப்பது ஒரு பிழை. கேட்பது கடினம் என்பதற்காக ஒதுக்குவது இன்னொரு பிழை. டவுன் நோய்க்குறியுடன் பிறந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1980 களின் தொடக்கத்தில் அவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25 வருடங்கள். இன்று அது சுமார் 60. இதய சத்திரசிகிச்சையும் நல்ல பராமரிப்பும் அவர்களுக்கும் கிடைக்கத் தொடங்கியதே இதற்கு முக்கிய காரணம். வயது கூடும்போது அவர்களுக்கு அல்சைமர் என்னும் மறதிநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பது இன்று எமக்குத் தெரிகிறது. அவர்களையும் ஆய்வில் சேர்த்தபடியால்தான் தெரிகிறது. எண்ணப்படாதவர்களுக்கு எவரும் நிலையம் கட்டுவதில்லை.

ஆகவே கேட்க வேண்டும். ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும்.

எங்களுள் ஆசிரியராக இருப்பவர் இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லச் சொன்னார். கற்றல் குறைபாடுள்ள பலர் சிறு வயதிலிருந்தே ‘ஓம்’ சொல்லிப் பழகியவர்கள். ‘இல்லை’ என்றால் ஏச்சு விழும், ‘ஓம்’ என்றால் கேட்டவர் சிரிப்பார் என்று கற்றுக்கொண்டவர்கள். ஆகவே “விருப்பமா?” என்று கேட்டு “ஓம்” என்று வந்தால் அது விடையே அல்ல. சிறிது நேரம் விட்டு “போகட்டுமா? நாங்கள் போனால் நல்லதா?” என்று மாற்றிக் கேட்க வேண்டும். அதற்கும் “ஓம்” வந்தால் இன்னும் விளங்கவில்லை என்று பொருள். “நாங்கள் ஏன் வந்தோம் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கோ பாப்பம்” என்று அவர் வாயாலேயே சொல்லவைக்கலாம். பெரிய எழுத்து, ஒரு வரிக்கு ஒரு கருத்து, பக்கத்தில் ஒரு படம் என்று தாள் தயாரிக்கலாம். பேசாதவர் என்றால், அவருக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் அவர் எப்படிக் காட்டுவார் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

இவற்றை வைத்து எமது சங்கத்திடம் சில விண்ணப்பங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, படிவத்தில் ஒரு பெட்டி அல்ல, இரண்டு பெட்டிகள் இருக்கட்டும். ஒன்று பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ, மற்றையது அவருக்கே. கையொப்பமாகவோ, பெருவிரல் அடையாளமாகவோ, அவர் தெரிவு செய்த படமாகவோ இருக்கலாம். அவருடைய பெட்டியில் ‘இல்லை’ என்று இருந்தால் மற்றப் பெட்டியில் என்ன இருந்தாலும் நாம் எழுந்து வர வேண்டும்.

இரண்டாவது, ஒரே நாளில் கேட்டு அன்றே எழுதக்கூடாது. ஒரு நாள் போய் அறிமுகமாகி, தாளைக் கொடுத்துவிட்டு வருவோம். ஒரு கிழமை கழித்துப் போய் மறுபடி கேட்போம். நடுவிலே நிறுத்தச் சொல்வதற்கு அவர் கையில் ஒரு சிவப்பு மட்டை கொடுப்போம்.

மூன்றாவது, பரிசு கொடுத்து இழுக்கக்கூடாது. சங்கம் வழங்கவிருக்கும் உலர் உணவுப் பொதியும் பாடசாலைப் பொருட்களும் கணக்கெடுப்பில் சேர்ந்தவருக்கும் சேராதவருக்கும் ஒன்றாகவே போகட்டும். பிள்ளையின் ஆசிரியையோ உதவிப்பணம் எழுதும் உத்தியோகத்தரோ சம்மதம் கேட்பவராக இருக்கக்கூடாது. அவர்களிடம் ‘மாட்டேன்’ என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்?

நான்காவது, அந்தரங்கம். பெயரை மறைத்தால் போதாது. ‘இன்ன கோயிலடியில், முப்பது வயது, தகப்பன் இல்லை’ என்று எழுதினாலே ஊருக்கு ஆளைத் தெரிந்துவிடும். ஆனால் ‘ஒருவருக்கும் சொல்லமாட்டோம்’ என்று முழு வாக்கும் கொடுக்கக்கூடாது. எவராவது தமக்குத் துன்பம் இழைக்கிறார் என்று ஒரு பிள்ளை சொன்னால், நாம் வாய்மூடி இருக்க முடியாது. அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவது, கேள்விகளைத் தயாரிக்கும் குழுவில் கற்றல் குறைபாடுள்ள இருவராவது இருக்கட்டும். அவர்களுக்கும் மற்றவர்களுக்குரிய அதே போக்குவரத்துப் படி, அதே தேநீர், அதே கதிரை. எமக்குத் தோன்றாத கேள்வி அவர்களுக்குத் தோன்றும்.

ஆறாவது, படிவத்தைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு ஒன்றுக்கு அனுப்பி அனுமதி பெற்ற பின்னரே வீடுகளுக்குப் போவோம். முடிவுகளை முதலில் அந்த வீடுகளுக்கே கொண்டுபோய்ச் சொல்வோம். இதனால் கணக்கெடுப்பு சில மாதங்கள் பிந்தும். நூற்றாண்டு விழாவுக்கு முன் அறிக்கை வராமலும் போகலாம். அதை நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, அந்த அக்காவிடம் திரும்ப வருகிறோம்.

இந்த உரையை எழுதத் தொடங்கியதும் அவர் வீட்டுக்குப் போனோம். தாயார் இப்போது இல்லை. தங்கையின் குடும்பத்தோடு இருக்கிறார். அந்தப் பதாகைப் படத்தின் பிரதிகளில் எங்களால் தேடி எடுக்க முடிந்தவற்றை அவர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. படங்களை மடித்து உள்ளே கொண்டுபோனார். நாங்கள் எழும்புவோமா இருப்போமா என்று தெரியாமல் இருந்தோம். அரை மணித்தியாலம் கழிந்திருக்கும். முகம் கழுவி, பொட்டு வைத்து, நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எங்கள் முன் கதிரையில் இருந்து, “இப்ப எடுங்கோ” என்றார்.

எடுத்தோம். மலருக்கு அந்தப் படத்தைத் தரலாமா என்று கேட்டோம். “இல்லை. எனக்கு” என்றார். பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இன்று அது அவருடைய அறைச் சுவரில் இருக்கிறது. இந்த மலரில் இல்லை.

இந்தக் கதையை இங்கே சொல்லலாமா என்றும் இரண்டு தடவை, வேறு வேறு நாளில், வேறு வேறு விதமாகக் கேட்டோம். பெயர் சொல்லக்கூடாது, ஊர் சொல்லக்கூடாது, பொட்டு வைத்ததைச் சொல்லலாம் என்றார். அப்படியே சொல்லியிருக்கிறோம்.

தலைவி அவர்களே, படிவத்தின் முதற் பக்கத்தை இப்போது எழுதிவிட்டோம். அதில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் அதைச் சமர்ப்பிக்கிறோம்.